"காசு போட்டாச்சு அண்ணா, சிலிப்பைப் பாருங்கோ": ஒன்லைன் வியாபாரத்தில் இரண்டு பக்கமும் விடும் பிழைகள்

திருகோணமலையில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கருவாடு விற்கிற எனக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வருகிற மெசேஜ், "அண்ணா, சாமான் கைக்கு வந்த பிறகு காசு தாறன்." தொடங்கின காலத்தில் நான் திருப்பி அனுப்பியதும் அதே மாதிரித்தான்: "முழுக் காசையும் போடுங்கோ, பிறகு பார்சல் கட்டுறன்." இரண்டுமே பயத்தில் வருகிற பேச்சு, அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் காசு போனாலும் சாமான் போனாலும் அந்த நட்டம் முழுக்க மற்றவருக்கே போகட்டும் என்று இரண்டு பேரும் நிற்கிறோம் பாருங்கள், கீழே சொல்லப்போகிற பிழைகளில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

முதலில் நான் விட்ட பிழை. உப்புவெளியில் வீட்டிலேயே தொடங்கிய புதிதில் யார் கேட்டாலும் கேஷ் ஆன் டெலிவரிதான். கூரியர்காரர் காசை வாங்கித் தருவார்தானே என்ற தைரியம். ஒரு மார்கழி மாதம் கொழும்புக்கு 4 கிலோ கட்டாக் கருவாடு அனுப்பினேன். வாங்குபவர் போன் எடுக்கவில்லை, பார்சல் இரண்டு தரம் அவர் வாசல்வரை போய்விட்டு ஒன்பதாம் நாள் என் வாசலுக்கே வந்து சேர்ந்தது. போன செலவும் என் தலையில், வந்த செலவும் என் தலையில். மழை ஈரத்தில் ஒன்பது நாள் கிடந்த கருவாட்டைப் பார்த்து அன்றைக்குச் சந்தோசப்பட்டது பக்கத்து வீட்டுப் பூனை மட்டும்தான்.

அதற்குப் பிறகு கூரியர் செலவை மட்டும் முன்னுக்கு வாங்கிக்கொள்கிறேன், சாமானின் விலையை வாசலில் கொடுக்கலாம். நான் சாமானை அனுப்பாமல் ஏமாற்றினால் அவருக்குப் போவது கூரியர் செலவான 450 ரூபா, அவர் எடுக்காமல் விட்டால் எனக்குப் போவது திரும்பி வருகிற செலவு. இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். சும்மா பொழுதுபோக்குக்கு ஓர்டர் போடுகிற ஆக்கள் அந்த 450 ரூபா பேச்சு வந்ததுமே காணாமல் போய்விடுவார்கள்.

வாசலில் காசு கொடுப்பதை என்னவோ இன்டர்நெட் கொண்டுவந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். தபால்காரர் பார்சலைக் கொடுத்துக் காசை வாங்கி அனுப்பியவருக்குச் சேர்ப்பிக்கிற வி.பி.பி. முறை தபால் கந்தோரில் எப்போதோ இருந்தது.

வாங்குகிறவர்கள் விடும் பிழை, கேஷ் ஆன் டெலிவரி என்றால் ஏமாறவே முடியாது என்று நம்புவது. பெரும்பாலும் காசைக் கொடுத்த பிறகுதான் பார்சலை வெட்ட விடுவார்கள். கொண்டுவருகிற தம்பி காசு சேர்க்கிறவர் மட்டும்தான், உள்ளே இருப்பது போனா செங்கல்லா என்று அவருக்கும் தெரியாது, அவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை. பெயர் ஒட்டிய பக்கம் தெரியத் தொடங்கி, வெட்டி, சாமானை வெளியே எடுக்கும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தி எடுத்த வீடியோவை எந்தக் கடைக்காரரும் ஏற்க மாட்டார், நானும் ஏற்க மாட்டேன். அப்புறம், வீட்டில் அம்மா அப்பாவிடம் சொல்லி வையுங்கள், யாரும் ஓர்டர் பண்ணாத பார்சலுக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று. "பிள்ளை ஏதோ எடுப்பிச்சிருக்கும்" என்று 2,500 ரூபா கொடுத்து ஒரு பழந்துணியை வாங்கி வைத்த கதை எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறது.

சரி, பாங்க் கணக்குக்கு வருவோம். விற்கிறவர்கள் அடிக்கடி விடும் பிழை சிலிப்பின் படத்தைப் பார்த்துச் சாமானைக் கொடுத்துவிடுவது. படத்தில் தொகையை மாற்றப் போனில் இரண்டு நிமிடம் போதும். நாளைய திகதிக்குப் போட்டு வைத்த பரிமாற்றத்தின் படத்தை அனுப்பிவிட்டு, சாமான் கைக்கு வந்ததும் அதை ரத்துச் செய்கிறவர்களும் உண்டு. இன்னொன்று பழைய வித்தை: காசோலையை வைப்பிலிட்டுவிட்டு அந்தச் சிலிப்பைக் காசு கட்டிய சிலிப் போல அனுப்புவது. கணக்கில் ஒரு தொகை தெரியும், ஆனால் காசோலைக்குரிய பணம் வந்து சேரும்வரை அது உங்கள் காசில்லை, காசோலை திரும்பினால் தொகையும் போய்விடும். பாங்குகளை ஒன்றோடொன்று இணைக்கிற லங்காபேயின் உடனடிப் பரிமாற்ற முறை 2015 முதல் இருக்கிறது, வேறு பாங்க் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அதில் போட்ட காசு பொதுவாக உடனேயே விழும். ஆகவே "வேற பாங்க் அண்ணா, நாளைக்குத்தான் காட்டும், நீங்க சாமானை இண்டைக்கே போடுங்கோ" என்று அவசரப்படுத்தினால் கொஞ்சம் பொறுங்கள். பாங்கிலிருந்து வந்தது போன்ற எஸ்எம்எஸ்ஸையும் நம்ப வேண்டாம், செயலியைத் திறந்து மீதியைப் பாருங்கள். இதை வாங்குபவரிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லவும் தேவையில்லை, "கணக்கில விழுந்த உடன கட்டுறன்" என்றால் நல்ல மனுசர் யாரும் கோபிக்க மாட்டார்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது கணக்கின் பெயரை. ஒருவரோடு கதைத்திருப்பீர்கள், கணக்கு எண் வேறு யாரோ ஒருவரின் பெயரில் வரும். "அது மச்சானின்ர கணக்கு" என்பார்கள். மச்சானின் கணக்காகவே இருக்கலாம், ஆனால் அனுப்பிய பிறகு, பெற்றவர் சம்மதிக்காமல் பாங்க் அந்தக் காசை அப்படியே இழுத்துத் தந்துவிடாது.

இந்தப் பெயர் விசயத்தில்தான் இரண்டு பக்கமும் ஒரேயடியாக மாட்டுப்படுகிற ஒரு வித்தை இருக்கிறது. நீங்கள் ஒரு போனை 60,000 ரூபாவுக்கு விளம்பரம் போடுகிறீர்கள். ஒருவன் "எடுக்கிறன், கணக்கு எண்ணைத் தாங்கோ" என்கிறான். அதே நேரம் உங்கள் போனின் படங்களைத் தன்னுடையது போலப் போட்டு, கிண்ணியாவிலோ மூதூரிலோ இருக்கிற வேறொருவரிடம் அதே 60,000 ரூபாவை உங்கள் கணக்குக்கே போடச் சொல்கிறான். காசு உண்மையாகவே உங்கள் கணக்கில் விழுகிறது. அவன் பஸ் நிலையத்தடியில் வந்து சிரித்துக்கொண்டே போனை வாங்கிக்கொண்டு போய்விடுவான். சாமான் வராத மற்றவர் பொலிசுக்குப் போனால் அவர் கையில் இருப்பது உங்கள் பெயரும் உங்கள் கணக்கு எண்ணும்தான். நீங்கள் ஒரு சதமும் களவெடுக்கவில்லை, ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இதற்கு நான் கண்ட வழி, காசு போடும்போது குறிப்பு எழுதுகிற இடத்தில் சாமானின் பெயரையும், எடுக்க வருபவரின் பெயரையும் எழுதச் சொல்வது, வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்பது. போட்டவர் ஒருவர், வருபவர் இன்னொருவர் என்றால் போட்டவரோடு ஒருதரம் போனில் கதைக்காமல் கொடுக்க வேண்டாம்.

ஓடிபி, அதாவது பாங்க் போனுக்கு அனுப்புகிற ஒருதர இரகசிய எண் பற்றி எல்லோரும் சொல்லியாயிற்று, நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். காசு பெறுவதற்கு ஓடிபியும் தேவையில்லை, வாங்க வருகிறவர்கள் அனுப்புகிற கியூஆரை நீங்கள் ஸ்கேன் பண்ணவும் தேவையில்லை. ஸ்கேன் பண்ணுகிறவர் காசு கொடுக்கிறவர்.

விற்பனைத் தளத்தில் ஓர்டர் போட்டவரை "வெளியால வாங்கோ, நேரடியாப் போடுங்கோ, 500 குறைச்சுத் தாறன்" என்று கூப்பிடுவதும் பிழை, அதற்குப் போவதும் பிழை. கொமிசன் வலிப்பது எனக்கும் தெரியும். ஆனால் சீனாவில் தாவோபாவ் தளம் வளர ஒரு காரணம், வாங்கியவர் சாமானைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை காசை நடுவில் பிடித்து வைத்த அலிபே. கார்ட்டில் கட்டினாலும் சாமான் வராவிட்டால் பாங்கிடம் முறையிட்டுக் காசைத் திரும்பக் கேட்க வழி உண்டு. வெளியில் போட்ட காசுக்கு அது எதுவும் இல்லை. வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட்டில் காசு அனுப்ப உதவுகிற பேபாலில் இலங்கைக் கணக்குக்குக் காசு பெறும் வசதி நெடுங்காலம் இல்லாததால், லண்டனில் இருக்கிற பெரியம்மாவின் மகன் கணக்கில் வாங்குகிறவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அப்போது நண்பர், குடும்பத்தினருக்கு அனுப்புவதாகப் போடச் சொல்வார்கள், கட்டணம் குறைவு. அந்த வகையில் அனுப்பினால் வாங்குபவருக்குரிய பாதுகாப்புக் கிடையாது.

இவ்வளவும் பார்த்தும் ஏமாந்துவிட்டால் உடனே பேஸ்புக்கில் படம் போட்டுத் திட்டத் தொடங்குவோம், ஆள் உசாராகிக் கணக்கை வெறுமையாக்கிவிடுவார். முதல் போன் உங்கள் பாங்குக்கு, பிறகு பொலிசுக்கு. சாமான் பழுது, சொன்னதும் வந்ததும் வேறு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, போன் இலக்கம் 1977. ஆனால் வாயால் சொல்லிவிட்டு இருக்கக் கூடாது, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அதற்குச் சிட்டை வேண்டும். அதனால் இப்போது ஒரு கிலோ நெத்தலிக்கும் கையால் ஒரு சிட்டை எழுதி, என் பெயரும் போன் நம்பரும் போட்டு, எண்ணெய் படாமல் தனிப் பையில் சுற்றி உள்ளே வைத்துத்தான் பார்சல் கட்டுகிறேன்.