பாய்மரப் படகின் காக்பிட் இருக்கைகளை மாற்றி மெருகேற்றும் முறை

காக்பிட், அதாவது படகைச் செலுத்துபவர் அமரும் திறந்த பள்ளப் பகுதியின் மர இருக்கைகள், உட்கார்ந்து தேய்வதால் வீணாவது குறைவு. திருகாணித் துளைகளிலும் பலகையின் வெட்டுமுனைகளிலும் நீர் இறங்கியே பெரும்பாலும் உளுத்துப்போகின்றன. எனவே புதிய இருக்கை செய்பவர் அவ்விரண்டு இடங்களிலும்தான் அதிகக் கவனம் செலுத்த வேண்டும்.

பழைய பலகைகளைப் பிய்த்தெடுக்கக் கூடாது, ஏனெனில் அவையே புதியவற்றுக்கான அளவுகோல். திருகாணியை மூடியிருக்கும் மரமுளையின் நடுவில் சிறு துளையிட்டு, அதில் ஒரு திருகாணியை முடுக்கினால், அதன் முனை அடியிலுள்ள பழைய திருகாணியின் தலையில் முட்டியதும் முளை தானே மேலெழும். ஒவ்வொரு பலகையின் அடியிலும் அதன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்; படகின் இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அளவுகள் பொருந்துவது அரிது.

வைரம் பாய்ந்த தேக்கே சிறந்தது; ஓரத்தில் வெளிறிய பகுதி இருந்தால் கழித்துவிட வேண்டும். பட்டைகளுக்கு இடையே 6 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டால் நீர் தேங்காது. கூரிய விளிம்பில் வார்னிஷ் மெலிந்து முதலில் அங்கேதான் உரியும் என்பதால், எல்லா விளிம்புகளையும் சற்று உருட்ட வேண்டும். தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால், எப்பாக்சி (இரு கலவைகளைக் கலந்து இறுகவைக்கும் பிசின்) பூசும் இடத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, தாமதமின்றி ஒட்ட வேண்டும். வெட்டுமுனைகள் நீரை உறிஞ்சுபவை. அவற்றுக்கு மெல்லிய எப்பாக்சியை ஊற ஊறப் பூசுவது நல்லது.

பித்தளைத் திருகாணி வேண்டாம். கடல்நீரில் அதன் துத்தநாகம் கரைந்து, செம்பு நிறமேறி ஒடிந்துவிடும். சிலிக்கான் வெண்கலமோ 316 தரத் துருப்பிடிக்காத எஃகோ ஏற்றது. முளையின் ரேகை பலகையின் ரேகையோடு ஒத்துப்போகும்படி அடித்து, மறுமுறை கழற்ற வசதியாக எப்பாக்சிக்குப் பதில் வார்னிஷ் தொட்டு இறக்க வேண்டும். காய்ந்தபின் உளியால் ஒரே வெட்டில் சமன்செய்ய முயன்றால், முளை மட்டத்துக்குக் கீழே பிளந்து பள்ளம் விழக்கூடும். முதலில் பாதி உயரத்தில் சீவி, ரேகை எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கத்திலிருந்து மிச்சத்தைச் சீவ வேண்டும்.

ஆண்டுதோறும் மறுபூச்சுக்கு நேரம் ஒதுக்க முடியாதவர் வார்னிஷையே தவிர்த்துத் தேக்கை வெறுமனே விடலாம். அது சாம்பல் நிறமாகும், ஆனால் ஈரத்தில் வழுக்காது. பூசுவதானால் 80, 120, 180 எண் உப்புத்தாள்களால் ரேகைப் போக்கில் தேய்த்து, முதல் பூச்சைச் சம அளவு தின்னரில் கரைத்து, அடிப்பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களிலும் பூச வேண்டும். பின்னர் 220 எண் தாளால் இடையிடையே தேய்த்து, ஆறு பூச்சுக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். பனி இறங்கும் மாலையில் பூசினால் பளபளப்பு மங்கிப்போகும். இரும்புக் கம்பளியைத் தொடவே கூடாது, அதன் துகள்கள் மரத்தில் துருப் புள்ளிகளாகும். வார்னிஷுக்குப் பதில் எண்ணெய் பூசியவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்து உலர்த்த வேண்டும். குவிந்து கிடந்தால் அது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.