சமையல் மேடையில் உங்கள் நிழல் விழுகிறதா?

கிருஷ்ணகிரி அருகே காவேரிப்பட்டணத்தில் புது வீட்டுக்குக் குடிபோன முதல் வாரமே அக்கா விரலை நறுக்கிக்கொண்டார். சமையலறையில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. 20 வாட் எல்இடி டியூப்லைட் பளிச்சென்று எரிகிறது. ஆனால் அது அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. காய் நறுக்கும் இடத்தில் அவருடைய நிழல்தான் விழுகிறது. அறை முழுவதற்குமான விளக்கு வேறு, வேலைக்கான விளக்கு வேறு என்பதை வீடு கட்டும்போது யாரும் யோசிப்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில், முன்விளிம்பை ஒட்டி எல்இடி பட்டை ஒன்று பொருத்துங்கள். வெளிச்சம் நேராகக் கைமேல் விழும். கிருஷ்ணகிரிப் பக்கம் மேடைக்குப் பளபளக்கும் கறுப்பு கிரானைட் போடுவது வழக்கம். அதில் பட்டையின் ஒவ்வொரு புள்ளியும் பிரதிபலித்துக் கண் கூசும். அதனால் பால்நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். இங்கே 4000 கெல்வின் நிறம் போதும். அட்டையில் சிஆர்ஐ 90 என்று இருந்தால் இன்னும் நல்லது; பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூறுக்குப் போடும் மதிப்பெண் அது. கீரையின் வாடலும் மாம்பழத்தின் கறையும் உள்ளபடி தெரியும். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சமே இதம்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் சுவர் பூசும் முன்பே இதற்கென்று தனி சுவிட்சும் ஒயரும் கேட்டு வாங்கிவிடுங்கள். பழைய வீடென்றால் பக்கத்துப் பிளக்கிலிருந்தே இணைப்பு எடுக்கலாம். மின்சாரத்தைப் பட்டைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிரைவர் என்ற சிறு பெட்டியை மட்டும் அடுப்புச் சூடும் தண்ணீரும் எட்டாத இடத்தில் வையுங்கள்.