பழைய லாரிக் கதவுக்குப் புது பேனல்

கதவின் உள்பக்கத்தை மூடும் பழைய பேனலை நம்பி அளவெடுக்காதீர்கள். ஈரத்தில் ஊதி வளைந்திருக்கும். கதவுத் தகட்டின்மேல் அட்டையை வைத்துக் கிளிப் ஓட்டைகளைக் குறியுங்கள். ஈரம் தாங்கும் 4 மி.மீ. மரைன் பிளைவுட்டை அந்த அட்டையைவிடச் சுற்றிலும் 2 மி.மீ. குறைத்து அறுங்கள், ரெக்சின் மடிப்பு அந்த இடத்தை அடைத்துவிடும். அறுத்த விளிம்புக்கும் பின்பக்கத்துக்கும் இரண்டு கை வார்னிஷ்.

மேலே 6 மி.மீ. ஃபோம். ரெக்சினைச் சுற்றிலும் 30 மி.மீ. கூடுதலாக விடுங்கள். பசையை ஒட்டவேண்டிய இரண்டு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்க்க வேண்டும்; அவசரப்பட்டால் வெயிலில் கொப்புளம் கிளம்பும். கூடுதல் ரெக்சினைப் பின்பக்கம் மடித்து அடிக்க ஸ்டேப்ளர் பின் 4 மி.மீ. போதும். நீளமானது முன்பக்கம் குத்திக்கொண்டு வரும், டிரைவர் முழங்கைக்குத்தான் வலி.

மாட்டும்முன் கதவில் பாலித்தீன் ஷீட் ஒட்டி, அதன் கீழ்முனையைக் கதவுக்குள் செருகிவிடுங்கள். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் அப்போதுதான் பேனலை நனைக்காமல் வடியும்.