சஸ்காட்டூன் குளிரில் தர்பூசணி: மண்ணைச் சூடாக்குங்கள்

கனடாவின் சஸ்காட்டூன் பக்கம் உறைபனி இல்லாத காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. எனவே 75–80 நாளில் விளையும் 'சுகர் பேபி' ரகமே போடுங்கள். மே தொடக்கத்தில் வீட்டுக்குள் மட்கும் தொட்டியில் விதையுங்கள். நாலு வாரம் தாண்டினால் வேர் சுருண்டுவிடும்.

ஜூன் தொடக்கத்தில், தொட்டியோடு நடுங்கள். விளிம்பு வெளியே தெரிந்தால் அது திரிபோல ஈரத்தை உறிஞ்சி வேரைக் காயவிடும். ஒரு வாரம் முன்பே கறுப்பு பிளாஸ்டிக் விரித்து மண்ணை 20 டிகிரிக்குக் கொண்டுவருவது கட்டாயம். குளிர்ந்த மண்ணில் செடி அப்படியே நின்றுவிடும்.

மேலே மெல்லிய மூடுதுணி போடுங்கள். அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண்பூ விரிந்ததும் துணியை எடுத்துவிடுங்கள், தேனீ வரவேண்டுமே! ஆகஸ்டில் வரும் பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். காம்பருகே பற்றுக்கம்பி காய்ந்து, தரைபட்ட இடம் மஞ்சளானதும் பறிக்கலாம். பறித்தபின் இனிப்பு அதிகமாகாது.