பெருந்தொற்றில் உதவ இறங்கும் லாட்ஜ், மெஸ், டிராவல்ஸ்காரர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் ஏற்காட்டு காட்டேஜ்கள் பூட்டப்பட்டன, சேலத்து மெஸ்களில் அடுப்பு அணைந்தது, டூரிஸ்ட் வண்டிகள் ஷெட்டில் நின்றன. காலி அறை, பெரிய அண்டா, சும்மா நிற்கும் வண்டி என ஏதாவது ஒன்று கையில் இருப்பவருக்கு உதவத் தோன்றுவது இயல்பு. எண்ணத்தில் குறை இல்லை, கணக்கில்தான் பிசகுகிறது. எத்தனை நாள் இழுக்க முடியும் என்று பார்க்காமலே தொடங்கிவிடுகிறார்கள். முதல் நாள் 500 பொட்டலம் கொடுத்துவிட்டு எட்டாம் நாள் கையை விரிப்பதைவிட, 80 பொட்டலம் ஒரு மாதம் தவறாமல் போய்ச் சேர்வது மேல். எட்டாம் நாள் வேறு ஏற்பாடு இல்லாமல் காத்திருப்பவர் பாடு திண்டாட்டம்.

சமைத்த சோறு: நேரம்தான் எமன்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான். காலை 8 மணிக்கே சாம்பார் சாதம் கிளறி, சூட்டோடு பொட்டலம் கட்டி, சாக்கில் அடுக்கி, 11 மணிக்கு வண்டி ஏற்றுகிறார்கள். மலை ஏறி, நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் சிற்றூர்களுக்குப் போய்ச் சேரும்போது மணி 2. அதற்குள் நடுவில் அடுக்கிய பொட்டலங்கள் புளித்திருக்கும். சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி சூட்டுக்குள் கிடக்கும்போதுதான் கிருமி வேகமாகப் பெருகும். சோற்றில் வரும் ஒருவகைக் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. அது உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுபவர் கையில் இருக்க வேண்டும். முடியாதென்றால் 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்கும் ஹாட்பாக்ஸில் மொத்தமாகக் கொண்டுபோய், அங்கேயே பரிமாறுங்கள். கைக்கு இதமாகச் சுட்டால் போதும் என்று விடாதீர்கள், தெர்மாமீட்டரைச் சோற்றின் நடுவில் குத்திப் பாருங்கள்.

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வாய் வரை நிரப்பிய குண்டான் முதல் ஐந்து வளைவிலேயே வண்டியைக் குளிப்பாட்டிவிடும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்; மூடியைக் கயிறு போட்டுக் கட்டி, இருக்கை காலோடு சேர்த்து இறுக்குங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டிவரும். அந்தக் கூடுதல் நேரத்தையும் அந்த இரண்டு மணி நேரக் கணக்கிலேயே கழித்துக்கொள்ள வேண்டும். மலைக்குக் கொடுப்பதை மலையிலேயே, ஏற்காட்டு ஓட்டல் அடுப்பில் சமைப்பது இதைவிட உத்தமம்.

அளவும் தப்பும். சாம்பார் சாதமாகும்போது ஒரு கிலோ அரிசி ஒன்பது, பத்துப் பேருக்கு வரும். உடலுழைப்புக்காரர் என்றால் ஏழு பேர் என்றே வையுங்கள்.

அரிசி மூட்டையே உதவி என்ற நினைப்பு

சேலம் லீ பஜாரில் மொத்தமாக அரிசி வாங்கி வீட்டுக்குப் பத்துக் கிலோ கொடுப்பது எளிது, படத்துக்கும் எடுப்பாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் 2011 முதலே அரிசி கார்டுக்கு ரேஷனில் அரிசி இலவசம். அந்த வீடுகளில் தட்டுப்பாடு வேறு. நான்கு பேர் வீட்டுக்குப் பத்து நாளுக்கு: துவரம் பருப்பு 2 கிலோ, எண்ணெய் ஒரு லிட்டர், புளி கால் கிலோ, மிளகாய்த்தூள் 200 கிராம், உப்பு, தீப்பெட்டி, சோப்பு, நாப்கின். அரிசியோ கோதுமை மாவோ உண்மையில் வேண்டியவர் கார்டு இல்லாமல் எஸ்டேட்டிலும் ஓட்டல் வேலையிலும் இருக்கும் வடமாநிலத் தொழிலாளி. பெயர்ப்பட்டியலை நீங்களே போடாதீர்கள். ஊராட்சிச் செயலாளர், வி.ஏ.ஓ., அங்கன்வாடி ஊழியர் மூவரிடமும் கேட்டு ஒப்பிட்டால் ஒரே வீட்டுக்கு மூன்று பேர் கொடுப்பதும், பக்கத்து வீடு விடுபடுவதும் குறையும்.

முன் அனுமதியும் இல்லாமல் இறங்காதீர்கள். 2020 ஏப்ரலில் தனியார் நேரடியாக உணவு வழங்கத் தமிழக அரசு தடை போட்டது, பிறகு உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. கூட்டம் கூடினால் தொற்று பரவும் என்பதுதான் காரணம், அதில் நியாயமும் உண்டு.

அறை கொடுக்கும்போது

ஒரே கட்டடத்தில் நர்ஸ்களையும் தொற்றாளர்களையும் தங்கவைப்பது பெரிய பிழை. யாருக்கு என்பதை மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் முடிவு செய்யட்டும், நீங்களாகத் தனிமை மையம் திறக்காதீர்கள். சென்ட்ரல் ஏசி உள்ள மாடி வேண்டாம். தனி பாத்ரூம், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல், ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்க வேண்டும். ஏற்காட்டில் குளிருக்குப் பயந்து எல்லோரும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், காற்றோட்டம் அங்கேயே போயிற்று. கூடுதலாக ஒரு கம்பளி கொடுத்து, ஜன்னலைச் சாண் அகலம் திறந்தே வைக்கச் சொல்லுங்கள்.

துடைக்கும் மருந்து விஷயத்தில் 'கண்ணளவு' ஆபத்து. கடையில் கிடைக்கும் 5 சத ஹைப்போகுளோரைட் ஒரு லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் 1 சதக் கரைசல். பிளீச்சிங் பவுடர் 33 சதத் தரம் என்றால் லிட்டருக்கு 30 கிராம். அன்றன்று கலக்க வேண்டும், நேற்றையது வீரியம் இழந்திருக்கும். தடவி 10 நிமிடம் ஈரமாக விட்டுப் பிறகு துடைக்க வேண்டும், தடவியதுமே துடைத்தால் பலன் இல்லை. ஆசிட் வகை டாய்லெட் கிளீனரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பி, துடைப்பவர் நுரையீரலைத்தான் பதம் பார்க்கும். ஆட்கள் மேல் தெளிக்கவே கூடாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

வண்டி ஆம்புலன்ஸ் அல்ல

டெம்போ டிராவலரில் நோயாளியை ஏற்றும்போது ஏசியை அணைத்து, எல்லா ஜன்னலையும் இறக்குங்கள். டிரைவர் முகத்தில் என்95 முகக்கவசம் கட்டாயம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதத்துக்குக் கீழே, மூச்சுத் திணறல் என்றால் முதலில் 108. அது வரத் தாமதமாகி, நர்ஸ் சொல்லி ஆக்சிஜன் சிலிண்டர் வைத்துக் கிளம்ப நேர்ந்தால் கணக்கு இது: முழுதாக நிரம்பிய பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் 5 மணி நேரம், 10 என்றால் இரண்டரை. மீட்டர் முள் பாதியில் நின்றால் இதுவும் பாதி. கிளம்பும் முன் முள்ளைப் பார்க்காமல் விடுவதே வழக்கமான தவறு. வால்வில் எண்ணெய்க் கை படக்கூடாது, தீப்பிடிக்கும். சிலிண்டரை நிமிர்த்திக் கட்டுங்கள், வளைவில் உருண்டால் அது குண்டு.

பணக் கணக்கில் ஒன்று: பொருளாகக் கொடுத்ததற்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி) கிடையாது. இலவசமாகக் கொடுத்த சரக்கை வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியும் (உள்ளீட்டு வரி) திரும்ப வராது. ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள். சொந்த ஊழியருக்குச் சம்பள பாக்கி வைத்துவிட்டு ஊருக்குச் சோறு போடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

நிறுத்தும் தேதியை ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடுங்கள். அன்றாடம் வாங்கியவர்களின் பட்டியலையும், அதில் தனியாக வாழும் முதியவர் யார் யார் என்ற குறிப்பையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டு அடுப்பை அணையுங்கள்.