தீக்குச்சிச் சிறுமியைச் சுவரிலிருந்து நகர்த்தாதீர்கள்

சிறுவர் கதை எழுதப் பழகுபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி, ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனின் தீக்குச்சி விற்கும் சிறுமி கதையை அவரவர் சொற்களில் திருப்பிச் சொல்வது. 1845இல் டென்மார்க்கில் எழுதப்பட்ட சின்னக் கதை: விற்காத தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக உரசிக் குளிர்காயப் பார்த்து, அந்த வெளிச்சத்தில் கனவுபோலக் காட்சிகள் கண்டு, விடிவதற்குள் குளிரில் இறந்துபோகும் ஓர் ஏழைச் சிறுமி. ஒவ்வொரு குழுவும் சொல்லிவைத்தாற்போல ஒரே இடங்களில் சறுக்குகிறது. ஒரு காலத்தில் நானும் சறுக்கிய இடங்கள்தான். ஒற்றுப்பிழை, பத்தி பிரிப்பு எல்லாம் எடிட்டர் பார்த்துக்கொள்வார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கதை நடக்கும் நாளை மாற்றுவது

ஆண்டின் கடைசி இரவு. வேறு இரவு வேண்டாம்.

செருப்பை வெட்டுவது

கதை நகரவில்லை என்று பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். அம்மாவின் செருப்பு, அவளுக்குப் பெரிது. விரைந்து வரும் இரண்டு வண்டிகளுக்குப் பயந்து தெருவைக் கடக்கையில் கழன்றுவிடுகிறது. ஒன்று கிடைக்கவே இல்லை. இன்னொன்றை ஒரு பையன், பின்னாளில் தன் குழந்தைக்குத் தொட்டிலாகும் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இது இருந்தால்தான், முதல் குச்சியின் வெளிச்சத்தில் இரும்பு அடுப்பு தெரிந்ததும் அவள் வெறுங்காலை நீட்டுவதற்குப் பொருள் உண்டு.

அவளைச் சுவரிலிருந்து நகர்த்துவது

இதை இப்போது பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும். இரண்டு வீடுகளில் ஒன்று மற்றதைவிடச் சற்று முன்னே துருத்தி நிற்கிறது. அந்த மூலையில் அவள் காலை மடக்கி ஒடுங்கியிருக்கிறாள். நம் ஆட்கள் அவளைத் தூக்கிப் படிக்கட்டில் வைப்பார்கள், மரத்தடியில் வைப்பார்கள். ஒரு படப்புத்தக வேலையில், எழுதியவர் தெருவிளக்கின் கீழ் உட்கார வைத்துவிட்டார். "வெளிச்சம் இருந்தா படம் எடுப்பா இருக்கும்" என்றார். பக்கத்திலேயே விளக்கு எரிந்தால் அப்புறம் அந்தப் பெண் குச்சியை உரசித்தான் என்ன ஆகப்போகிறது? படங்கள் எல்லாம் முடிந்த பிறகுதான் இது கண்ணில் பட்டது. அத்தனையையும் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. ஓவியருக்கு இரண்டாவது தடவையும் கூலி கொடுத்தோம்.

அந்தச் சுவர் வெறும் பின்னணி அல்ல. அவள் குச்சியை உரசுவதே அதில்தான். அன்றைய குச்சி சொரசொரப்பான எதில் உரசினாலும் பற்றும். அவளிடம் இருப்பவையும் கட்டுக் குச்சிகள். கையில் தீப்பெட்டியைக் கொடுத்தால் சுவருக்கு வேலையே இல்லை. இரண்டாவது குச்சியின் வெளிச்சம் பட்டதும் கல் சுவர் மெல்லிய திரைபோல ஆகி உள்ளே தெரிகிறது: வெள்ளை விரிப்பு போட்ட மேசை, ஆப்பிளும் உலர்ந்த பிளம்ஸும் அடைத்து வறுத்த வாத்து. அந்த வாத்து முதுகில் கத்தியும் முள்கரண்டியும் குத்தியபடியே கீழே குதித்து அவளை நோக்கித் தத்தித் தத்தி வருகிறது. குச்சி அணைகிறது. எதிரே தடித்த, சில்லிட்ட சுவர். தெருவெல்லாம் வறுத்த வாத்தின் வாசனை என்று ஆண்டர்சன் முன்பே சொல்லிவிட்டார். வாசனை கடந்து வருகிற சுவரை அவளால் கடக்க முடியாது. கதையின் நிகழ்ச்சி எது, களம் எது என்று இங்கே பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று: ஒவ்வொரு குச்சியும் விற்க வேண்டிய சரக்கு. உரச உரச, வீட்டுக்குத் திரும்பும் வழி அடைபடுகிறது.

வீட்டை மறப்பது

காசில்லாமல் போனால் அப்பா அடிப்பார். வீட்டிலும் குளிர்தான், பெரிய விரிசல்களை வைக்கோலும் கந்தலும் வைத்து அடைத்தும் காற்று புகுகிறது. இதை வெட்டினால், "அவ ஏன் வீட்டுக்குப் போகல?" என்று கேட்கிற முதல் குழந்தையிடம் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

நீதி சேர்ப்பது

தேவையில்லை. குளிர் காயப் பார்த்திருக்கிறாள் என்று காலையில் பார்த்தவர்கள் சொல்வதோடு, அவள் கண்டது என்ன என்று அவர்களில் யாருக்கும் தெரியாது என்பதையும் கதையே சொல்லிவிடுகிறது.

காப்பாற்றிவிடுவது

இறந்துபோன பாட்டி கடைசிக் காட்சியில் வந்து கூட்டிப்போகும் முன் எந்த வீட்டுக் கதவும் திறக்கக் கூடாது. திறந்தே ஆக வேண்டும் என்றால், சரி, அது உங்கள் கதை. வேறு தலைப்பு வைத்துக்கொள்ளுங்கள்.