தடுக்கப்படாத அந்த ஒருவர்: கல்லூரி அமெரிக்கக் கால்பந்தை ஆராய்ந்து பார்க்கும் முறை

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்து முடித்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் பந்து போன வழியைத்தான் சொல்வார். யார் ஓடினார், யார் பிடித்தார், எத்தனை கெஜம் கிடைத்தது என்பவை எல்லாம் விளைவுகள். அவற்றுக்கான காரணங்கள் பந்திலிருந்து பத்து, இருபது கெஜம் தள்ளி, பல நேரங்களில் பந்து அசைவதற்கு முன்பே உருவாகிவிடுகின்றன. தடுப்பு (பந்தோடு இருப்பவருக்காக எதிரணியினரை மறிப்பது), கவரேஜ் (எறியப்படும் பந்து பிடிக்கப்படாமல் தற்காப்பாளர்கள் காக்கும் முறை), பிளே (ஒரு முறை பந்தை ஆடும் திட்டம்) வடிவமைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பது வழக்கம் என்றாலும், மூன்றையும் ஒரே கேள்வியால் திறக்கலாம் என்பது என் கருத்து: இந்த பிளேயில் யாரைத் தடுக்காமல் விட்டார்கள், அது தவறியதாலா, வேண்டுமென்றேவா?

ஓர் எளிய எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். இரு அணிகளிலும் 11 பேர். பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக், பந்தோடு ஓடுபவரான ரன்னிங் பேக்கிடம் அதைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டால், தாக்கும் அணியில் தடுப்பதற்கு மீதமிருப்பவர்கள் 9 பேர். எதிரே நிற்பவர்கள் 11 பேர். எவ்வளவு திறமையாகத் தடுத்தாலும் தற்காக்கும் அணியில் இருவர் மிஞ்சுவார்கள். குவார்ட்டர்பேக்கும் ஓடக்கூடியவர் என்றால், அந்த இருவரில் ஒருவர் அவரைக் கவனித்தே ஆக வேண்டும், மிச்சம் ஒருவர்தான். கல்லூரி ஆட்டத்தில் பெயர்பெற்ற பல முறைகள் இந்தக் கணக்கைச் சரிக்கட்டப் பிறந்தவையே. 1968-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எமரி பெல்லார்ட் கொண்டுவந்த விஷ்போன், 1990-களில் கிளென்வில் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியில் ரிச் ரொட்ரிகஸ் வளர்த்தெடுத்த ஸோன் ரீட் ஆகிய இரண்டுமே ஒரு தற்காப்பாளரைத் தொடாமலேயே செயலிழக்கச் செய்யும் வழிகள்: அவர் எந்தப் பக்கம் பாய்கிறாரோ, அதற்கு எதிர்ப்பக்கம் பந்து போகும்.

ஸ்னாப்புக்கு முன்

பதிவு செய்யப்பட்ட ஆட்டத்தையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். நேரலையில் இது நடக்காது. ஸ்னாப்புக்கு, அதாவது பந்து பின்னால் தரப்பட்டு பிளே தொடங்குவதற்கு, ஒரு நொடி முன்பு படத்தை நிறுத்தி, முதலில் பந்து எந்த ஹேஷ் கோட்டில் (களத்தின் நீளவாக்கில் செல்லும் இரு குறுங்கோட்டு வரிசைகளில் ஒன்று) இருக்கிறது என்று பார்க்க வேண்டும். களத்தின் அகலம் 160 அடி. கல்லூரிக் களத்தில் இரு ஹேஷ் கோடுகளுக்கும் இடையே 40 அடி இருக்கிறது. தொழில்முறை என்எஃப்எல் களத்தில் அந்த இடைவெளி 18 அடி 6 அங்குலம்தான். ஆகவே கல்லூரியில் பந்து ஹேஷ் மேல் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 20 கெஜம், மறுபக்கம் 33 கெஜத்துக்கும் அதிகம். அகன்ற பக்கத்தை ஃபீல்டு என்றும் குறுகிய பக்கத்தை பவுண்டரி என்றும் பயிற்சியாளர்கள் அழைக்கிறார்கள். தற்காக்கும் அணி இரு பக்கங்களிலும் ஒரே கவரேஜை ஆடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பவுண்டரியில் எல்லைக்கோடே ஒரு தற்காப்பாளரின் வேலையைச் செய்வதால், அந்தப் பக்கத்து சேஃப்டி (ஆழத்தில் நிற்கும் தற்காப்பாளர்) ஓட்டத்தைத் தடுக்க முன்னேறி வருவதும், அங்கே கார்னர்பேக் (எல்லைக்கோட்டோரத் தற்காப்பாளர்) தனித்து விடப்படுவதும் அடிக்கடி காணக்கூடியவை. என்எஃப்எல் பார்த்துப் பழகியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

அடுத்து சேஃப்டிகள். ஆழத்தில் இருவர் நிற்கிறார்களா, நடுவில் ஒருவர் மட்டும் நிற்கிறாரா என்று பார்த்து, பிறகு பந்து வைக்கப்பட்ட கோட்டுக்கு அருகே நெருங்கி நிற்பவர்களை, அதாவது பாக்ஸில் இருப்பவர்களை எண்ண வேண்டும். இருவர் ஆழத்தில் நின்றால் பாக்ஸில் ஆறோ ஏழோ பேர். ஒருவர் மட்டும் என்றால் ஏழோ எட்டோ. தாக்கும் அணியின் முன்வரிசையில் நிற்கும் ஐந்து லைன்மேன்களும், அவர்களை ஒட்டி நிற்கும் ஒரு டைட் எண்டும் ஆறு பேரைத் தடுக்கலாம். ஏழாமவர் இருந்தால் குவார்ட்டர்பேக் அவரைப் படித்து ஏமாற்ற வேண்டும், அல்லது பந்தை வெளியே எறிய வேண்டும். இந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்ட பிறகே ஓட விட வேண்டும்.

தடுப்பைப் படித்தல்

இரண்டாம் முறை பார்க்கும்போது பந்தை முற்றிலும் மறந்துவிட்டு, பந்தைப் பின்னால் தரும் நடு லைன்மேனான சென்டருக்கு இருபுறமும் நிற்கும் இரு கார்டுகளை மட்டும் கவனிக்க வேண்டும். தற்காக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் பலர் படிப்பதும் அவர்களைத்தான். ஐந்து லைன்மேன்களும் ஒரே பக்கமாக முதலடி எடுத்து வைத்தால் அது ஸோன் குடும்பத்து ஓட்டம். அதில் நேரெதிரே ஆள் நிற்கும் லைன்மேன் அவரைத் தடுப்பார். எதிரே ஆளில்லாதவர் பக்கத்திலிருப்பவருடன் சேர்ந்து முதலில் ஒருவரைத் தள்ளிவிட்டு, பிறகு லைன்பேக்கரை நோக்கி மேலேறுவார். அந்த இருவரில் எவர் எப்போது பிரிந்து செல்கிறார் என்பதில்தான் இந்தத் தடுப்பின் உயிர் இருக்கிறது. சீக்கிரம் பிரிந்தால் முன்னால் நிற்பவர் ஊடுருவிவிடுவார். தாமதித்தால் லைன்பேக்கர் இடைவெளியை நிரப்பிவிடுவார். ரன்னிங் பேக் இரண்டு கெஜத்தில் வீழ்ந்த ஓட்டங்களை மீண்டும் பார்த்தால், அவரைவிட இந்தப் பிரிவின் நேரத்தைக் குறை சொல்ல வேண்டியிருப்பது தெரியவரும்.

ஒரு கார்டு தன் இடத்தை விட்டு விலகி, கோட்டுக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் ஓடினால் அது கேப் குடும்பத்து ஓட்டம். பவர் எனப்படும் பிளேயில் ஓடும் பக்கத்து லைன்மேன்கள் உள்நோக்கிச் சாய்ந்து தடுக்க, அந்தப் பக்கத்தின் கடைசித் தற்காப்பாளரை தடுக்கவும் உதவும் பின்வரிசைக்காரரான ஒரு ஃபுல்பேக் வெளியே தள்ள, மறுபக்கத்துக் கார்டு சுற்றி வந்து இடைவெளிக்குள் நுழைந்து லைன்பேக்கரைத் தேடுவார். கவுன்ட்டர் எனப்படும் பிளேயில் கார்டு வெளியே தள்ளும் வேலையை எடுத்துக்கொள்ள, அவருக்குப் பின்னாலேயே டேக்கிளோ (கார்டுக்கு வெளியே நிற்கும் லைன்மேன்) டைட் எண்டோ இடைவெளிக்குள் வருவார். கார்டு வந்து மோதும் நேரத்தில் அந்தத் தற்காப்பாளர் உட்புறத் தோளைக் கொடுத்து வெளியே நின்றாரா, உள்ளே புகுந்து வழியை அடைத்தாரா என்று பார்க்க வேண்டும். அதைப் பொறுத்தே பந்து உள்ளே போகும் அல்லது வெளியே வளையும்.

பாஸ் தடுப்பில் அவசரத் தீர்ப்பு சொல்வது மிக எளிது, தவறுவதும் எளிது. ஐந்து பேர் தடுக்க ஆறு பேர் பாய்ந்தால், ஆறாமவரைத் தடுக்க எவரும் இல்லை என்பது தாக்கும் அணிக்கு முன்பே தெரியும். அவர் வந்து சேருமுன் பந்தை எறிந்துவிடுவது குவார்ட்டர்பேக்கின் பொறுப்பு. பல அணிகள் லைனின் ஒரு பகுதியை ஒரே பக்கமாகச் சரியவைத்து, மறுபகுதியை ஆளுக்கு ஆள் என்று நிறுத்துகின்றன. எந்தப் பகுதி சரிந்தது என்று கண்டறியாமல் டேக்கிளை வைவது நியாயமில்லை. இங்கே புள்ளிவிவரத்திலும் ஒரு பொறி இருக்கிறது: கல்லூரிக் கணக்கில் ஸாக்குகளில் (எறியுமுன் குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவதில்) இழந்த கெஜங்கள் ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகின்றன, என்எஃப்எல்லில் அவை பாஸ் கணக்கைச் சேரும். ஓட்டத்துக்கு இத்தனை கெஜம் என்ற கல்லூரிச் சராசரியை வைத்து ஓட்டத் தடுப்பை மதிப்பிடுவோர் முதலில் ஸாக்குகளை நீக்கிவிட வேண்டும்.

கவரேஜைக் கண்டறிதல்

மூன்றாம் முறை பின்களத்தைப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சியின் முதன்மைக் கேமரா பந்தை நெருங்கிச் செல்வதால், சேஃப்டிகள் ஸ்னாப்புக்குப் பின் படத்திலிருந்து மறைந்துவிடுவது பெரும் தொல்லை. பயிற்சியாளர்களிடம் உள்ள முழுக் களப் பதிவு பொதுவாகப் பார்வையாளர்களுக்குக் கிடைப்பதில்லை. எனவே ஸ்னாப்புக்குப் பிறகான முதல் ஒரு நொடியும், களத்தின் முனையிலுள்ள எண்ட் ஸோன் பக்கமிருந்து காட்டப்படும் மறுஒளிபரப்பும் விலைமதிப்பற்றவை. அந்த ஒரு நொடியில் சேஃப்டிகள் எங்கே நகர்கிறார்கள் என்பதே முக்கியம். ஸ்னாப்புக்கு முன் இருந்த தோற்றம் வேடமாக இருக்கலாம்.

பெயர்களை இப்படி நினைவில் வைக்கலாம். கவர் 1-இல் ஒருவர் ஆழத்தில் நிற்க, மற்றவர்கள் ஆளுக்கு ஆள் காவல். கவர் 2-இல் இருவர் ஆழத்தைப் பாதியாகப் பிரித்துக்கொள்ள, கார்னர்பேக்குகள் எல்லைக்கோட்டோரக் கிட்டத்துப் பகுதியைக் காப்பார்கள். கவர் 3, ஆழத்தில் மூவர். கவர் 4, நால்வர். ஆழத்தில் எவருமே இல்லாவிட்டால் கவர் 0. ஒவ்வொன்றும் தானே விரும்பி ஓர் இடத்தைக் காலியாக விடுகிறது: கவர் 2 ஆழ நடுப்பகுதியையும், எல்லைக்கோட்டோரமாகக் கார்னர்பேக்குக்குப் பின்னுள்ள பள்ளத்தையும், கவர் 4 இருபக்கக் கிட்டத்துப் பகுதிகளையும். கார்னர்பேக் எல்லைக்கோட்டுக்கு முதுகைக் காட்டிக் குவார்ட்டர்பேக்கைப் பார்த்தபடி பின்வாங்கினால் அது ஸோன், அதாவது ஆளையன்றிப் பகுதியைக் காக்கும் கவரேஜ், என்பதற்கு நல்ல அடையாளம். குவார்ட்டர்பேக்குக்கு முதுகைக் காட்டி, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரோடு ஓடினால் ஆளுக்கு ஆள் காவல்.

இந்த அடையாளமும் ஓரளவுக்குத்தான் உதவும். இன்று கல்லூரியில் அதிகம் ஆடப்படும் மேட்ச் வகைக் கவரேஜ்கள் ஸோனாகத் தொடங்கி, ரிசீவர்கள் எடுக்கும் பாதையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் காவலாக மாறுகின்றன. எல்லைக்கோட்டிலிருந்து உள்நோக்கி ரிசீவர்களை 1, 2, 3 என்று எண்ணுவது இதற்காகவே. கவர் 4-இன் பரவலான விதி ஒன்றில், 2-ஆம் ரிசீவர் நேராக ஆழத்துக்கு ஓடினால் சேஃப்டி அவரை எடுத்துக்கொள்வார். அவர் சீக்கிரமே வெளியே வளைந்தால் சேஃப்டி 1-ஆம் ரிசீவரின் உட்புறத்துக்கு உதவப் போவார். ஆகவே ரிசீவர்கள் பத்துப் பன்னிரண்டு கெஜம் ஓடித் திரும்பும் வரை கவரேஜின் பெயரைச் சொல்லாமல் காத்திருப்பது நல்லது. ஒரு ரிசீவர் தனியே நின்று பந்தைப் பிடித்தார் என்றால், அருகில் ஓடிவந்தவர்தான் தவறு செய்தார் என்று முடிவு கட்டக் கூடாது. அவர் வேறொருவரின் பிழையைச் சரிசெய்ய ஓடிவந்தவராகவும் இருக்கலாம்.

வடிவமைப்பை எண்ணிக்கையாகப் பார்த்தல்

இவ்வளவும் சேர்ந்தால், பிளேயை வடிவமைத்தவர் எவரைக் குறிவைத்தார் என்பது தெரிய ஆரம்பிக்கும். கவர் 3-க்கு எதிராக நான்கு ரிசீவர்கள் நேராக ஆழத்துக்கு ஓடுவது மூவருக்கு நால்வர் என்ற கணக்கு. கவர் 2-க்கு எதிராக ஒருவர் கார்னர்பேக்கின் முன்னால் நின்றுவிட, இன்னொருவர் அவருக்குப் பின்னால் எல்லைக்கோட்டை நோக்கி ஓடினால், ஒரு கார்னர்பேக்கின் மேல் இருவரைச் சுமத்துகிறார்கள். 2018 ஜனவரி 8 அன்று அட்லான்டாவில் நடந்த தேசியச் சாம்பியன் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், தேவையான கெஜத்தை எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் இரண்டாம் முயற்சியில் 26 கெஜம் தேவை என்ற நிலையில் அலபாமாவின் குவார்ட்டர்பேக் டூவா டாகோவைலோவா ரிசீவர் டெவான்டா ஸ்மித்துக்கு எறிந்த 41 கெஜ டச்டவுனில் (பந்தை எண்ட் ஸோனுக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) அந்தச் சுமையைக் கூட்டியவை அவருடைய கண்கள். நால்வர் ஆழத்துக்கு ஓட, அவர் முதலில் வேறு பக்கம் பார்த்து, ஜார்ஜியாவின் சேஃப்டியை எல்லைக்கோட்டுக்கு வர விடாமல் தாமதிக்க வைத்தார்.

ஆனால் மூன்று பாடங்களும் ஒரே பிளேயில் சந்திப்பதைக் காண, 2013 நவம்பர் 30 அன்று ஆபர்ன் அணி அலபாமாவுக்கு எதிராக 32 நொடிகள் மிச்சமிருக்கையில் ஆட்டத்தைச் சமன் செய்த டச்டவுனைப் பரிந்துரைப்பேன். அதற்கடுத்து வந்த, தவறிய ஃபீல்டு கோலை (கோல் கம்பங்களுக்கிடையே உதைக்கும் முயற்சியை)த் திருப்பிக் கொண்டுபோன ஓட்டத்தையே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆராய்பவருக்கு முந்தையதே பெரிய விருந்து. ரன்னிங் பேக் டிரே மேசன் மீண்டும் மீண்டும் ஓடி வந்த பிறகு, அதே ஓட்டத் தடுப்பின் பின்னால் குவார்ட்டர்பேக் நிக் மார்ஷல் பந்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு இடப்பக்கம் ஓடினார். தடுக்க ஆளில்லாத அவரை நோக்கிக் கார்னர்பேக் முன்னேறியதும், காவலின்றி நின்ற ரிசீவர் சாமி கோட்ஸுக்குப் பந்து எறியப்பட்டது, 39 கெஜம். லைன்மேன்கள் ஓட்டத்துக்குத் தடுத்துக்கொண்டிருக்க எறியப்பட்ட பந்து அது. பந்தைப் பிடிக்க உரிமையற்ற லைன்மேன் எறிவதற்கு முன் 3 கெஜம் வரை முன்னேறலாம் என்று கல்லூரி விதி அனுமதிக்கிறது. என்எஃப்எல்லில் அது 1 கெஜம். ஆர்பிஓ எனப்படும் ஓட்டமும் பாஸும் கலந்த பிளேகள் கல்லூரியில் இவ்வளவு செழித்ததற்கு இந்த 2 கெஜ வித்தியாசம் பெரிய காரணம். எறியப்பட்ட பந்து தொடக்கக் கோட்டைத் தாண்டிய ஒவ்வொரு ஆர்பிஓவிலும் லைன்மேன்களின் காலடியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

குறித்து வைத்தல்

ஒரு பிளேயை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எத்தனையாவது முயற்சி, எத்தனை கெஜம் தேவை, எந்த ஹேஷ், பாக்ஸில் எத்தனை பேர், ஆழத்தில் எத்தனை சேஃப்டிகள், தடுக்கப்படாமல் இருந்தவர் யார், கிடைத்த கெஜம் என்று ஒரு வரிசையில் குறித்து வந்தால் போதும். வெற்றி தோல்வியை மதிப்பிட, முதல் முயற்சியில் தேவையான கெஜத்தில் 50 சதவீதம், இரண்டாவதில் 70, மூன்றாவது நான்காவதில் முழுவதும் என்பது கல்லூரி ஆட்டத்தில் பரவலாகப் பயன்படும் அளவுகோல். கவரேஜ் பிடிபடாத வரிசையில் ஊகித்து எழுதாமல் கட்டத்தைக் காலியாகவே விட வேண்டும்.

பிறகு இரண்டு பாதிகளையும் பக்கத்தில் வைத்து, தடுக்கப்படாதவர் என்ற கட்டத்தை மட்டும் ஒப்பிட வேண்டும். முதல் பாதியில் ஸோன் ரீட் ஆடும்போது வெளியே நின்று குவார்ட்டர்பேக்குக்காகக் காத்திருந்த எண்டு (தற்காக்கும் முன்வரிசையின் ஓரத்தவர்), இரண்டாம் பாதியில் ரன்னிங் பேக்கை நோக்கி உள்ளே பாய்கிறாரா, குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க லைன்பேக்கர் அவருக்குப் பின்னால் சுற்றி வெளியே வருகிறாரா என்று பாருங்கள். அப்படியானால் தற்காக்கும் அணி இருவரின் வேலையையும் மாற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கான பதில் அடுத்த சில பிளேகளுக்குள் வரும்: டைட் எண்டு அந்த எண்டைத் தொடாமல் கடந்து போய், வெளியே வரும் லைன்பேக்கரைத் தடுக்கத் தொடங்குவார்.